முதன்முதலாக ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கப் போகிறீர்களா? செயல்பாட்டு வகுப்பை நடத்தும் வழி

சின்ன வகுப்பு கைக்கு வந்ததும் எல்லாரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "செயல்பாடு வழியாகச் சொல்லிக் கொடுங்கள்." முப்பது குழந்தைகள் கையில் எழுத்தட்டையைக் கொடுத்த அடுத்த நிமிடம் என்ன நடக்கும், கொடுத்த அட்டைகளை எப்படித் திரும்ப வாங்குவது, முதலில் முடித்துவிட்ட ஐந்து பேரை என்ன செய்வது என்பதையெல்லாம் சொல்பவர்கள் குறைவு. நான் தட்டுத் தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்தத் தடுமாற்றம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பார்த்தவரை, ஒரு செயல்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் அது தொடங்கும் சில நிமிடங்களிலும் முடியும் சில நிமிடங்களிலும்தான். நடுவில் குழந்தைகள் நன்றாகவே செய்வார்கள். ஆகவே இங்கே விளையாட்டுகளின் பட்டியலைவிட முன்னேற்பாட்டைப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

1. பள்ளி திறக்கும் முன்பே கையில் இருக்க வேண்டிய தாள்கள்

முதலில் வகுப்புப் பட்டியல். பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த தேதி, வீட்டில் பேசும் மொழி, கண் பார்வை அல்லது காது கேட்பதில் சிக்கல் உண்டா, ஒவ்வாமை ஏதாவது உண்டா, மாலையில் அழைத்துப் போக வருபவர் யார் என்ற ஐந்தையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். சேர்க்கைப் படிவத்தில் இவற்றில் பாதி இருக்கும். மீதியை முதல் வாரத்தில் பெற்றோரிடம் கேட்டு நிரப்பலாம்.

பிறந்த தேதி எதற்கு என்று தோன்றும். ஒரே வகுப்பில் மூத்த குழந்தைக்கும் இளைய குழந்தைக்கும் ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு வருடம் என்பது வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு. பென்சில் பிடிக்க முடியாமல் தவிக்கும் குழந்தையை "மெல்லக் கற்பவர்" பட்டியலில் சேர்க்கும் முன் இந்தத் தேதியை ஒருமுறை பாருங்கள். வகுப்பிலேயே இளையவராக இருந்தால், பல நேரங்களில் தேவைப்படுவது கொஞ்சம் காலம் மட்டும்தான்.

அடுத்து ஒப்புதல் கடிதம். செடி, பூச்சி பார்க்கப் பள்ளி வளாகத்துக்கு வெளியே கூட்டிப் போவதற்கும், குழந்தைகளைப் படம் எடுப்பதற்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். வெளியே அனுப்பச் சம்மதித்து, படம் எடுக்க மறுக்கும் பெற்றோர் உண்டு. வருடத் தொடக்கத்தில் நடக்கும் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே வாங்கிவிட்டால் பிறகு அலைய வேண்டியதில்லை.

மூன்றாவது, ஆண்டு முழுவதற்குமான கற்றல் விளைவுகளின், அதாவது குழந்தைக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதன் பட்டியல். அதைப் பென்சிலால் வாரங்களுக்குப் பிரித்துக் கொள்ளுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரத்தை வெறுமையாக விடுங்கள். விடுமுறை, காய்ச்சல், விழா ஒத்திகை எல்லாம் அந்த வாரத்தைத் தின்றுவிடும். தின்னாமல் விட்டால், பழைய பாடத்தைத் திருப்பிப் பார்க்க நேரம் கிடைத்தது என்று மகிழ்ச்சி அடையலாம்.

2. முதல் இரண்டு வாரம்: வகுப்புப் பழக்கங்கள்

இந்த இரண்டு வாரத்தில் பாடத்தைத் தொடங்க வேண்டும் என்று மேலிருந்து அழுத்தம் வரும். ஆனாலும் பழக்கங்களுக்கு நேரம் கொடுங்கள். பின்னால் வரும் மாதங்கள் இதன்மேல்தான் நிற்கும்.

பழக்க வேண்டியவை நான்கு. ஒன்று, அமைதிக்கான சைகை. கத்தி அடக்க நினைத்தால் உங்கள் தொண்டைதான் போகும். ஒரே தாளத்தில் கைதட்டி, குழந்தைகள் அதே தாளத்தைத் திருப்பித் தட்டும்படி பழக்குங்கள். தட்டும் கையில் பொருள் இருக்க முடியாது என்பதால் எல்லாரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள். இரண்டு, வட்டமாக உட்காருவதும் மீண்டும் குழுவாகப் பிரிவதும். மூன்று, பொருளை வாங்குவதும் திருப்பி வைப்பதும். நான்கு, ஐயம் வந்தால் என்ன செய்வது: முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் கேள், பிறகு குழுவில் கேள், அப்புறம் ஆசிரியரிடம் வா.

இவற்றைப் பாடப் பொருள் இல்லாமல் பயிற்சி செய்யுங்கள். வெறும் கூழாங்கல்லைக் கொடுத்து, வாங்கி, மறுபடி கொடுத்து வாங்குங்கள். வெட்டி வேலை போலத் தெரியும். ஆனால் பொருள் கொடுத்து வாங்குவதில் தினமும் பத்து நிமிடம் போனால், ஐந்து நாள் வாரத்தில் ஐம்பது நிமிடம் போகிறது. ஒரு முழுப் பாடவேளைக்கு மேல்.

கவனிக்க வேண்டிய இடம்: குழந்தைகள் தங்கள் வேலையைத் தொடங்கிய பிறகு விதிமுறையைச் சொல்லாதீர்கள். பொருள் கையில் வந்துவிட்டால் காது மூடிக்கொள்ளும். சொல்லி முடித்து, ஒரு குழந்தையை அழைத்து எல்லார் முன்னும் செய்துகாட்டச் சொல்லி, அதன் பிறகே பெட்டியைத் திறங்கள்.

3. யார் எங்கே நிற்கிறார்கள் என்று தனித்தனியாகப் பாருங்கள்

வகுப்பாகச் சேர்ந்து சொல்லும்போது எல்லாருக்கும் தெரிந்தது போலத்தான் இருக்கும். அடுத்தவர் வாயைப் பார்த்து அரை நொடி தள்ளிச் சொல்லும் குழந்தையின் குரல் அந்தக் கூட்டத்தில் கேட்காது. ஆகவே தனியாக அழைத்துப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். நாளுக்கு நான்கு பேர் என்றால் முப்பது பேருக்கு எட்டு நாள். மற்றவர்கள் படம் வரையும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம்.

மொழிக்கு மூன்று பாருங்கள். ஒரு படத்தைக் காட்டி என்ன நடக்கிறது என்று கேளுங்கள். எவ்வளவு நீளமாகப் பேசுகிறார் என்று கவனியுங்கள். "மரம், மயில், கல்" என்று சொல்லி எந்தச் சொல் வேறாகத் தொடங்குகிறது என்று கேளுங்கள். பிறகு பத்து எழுத்தட்டைகளை வரிசை மாற்றிக் காட்டுங்கள்.

எண்ணுக்கு: பத்துப் பொருளைச் சிதறலாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். "பத்து" என்று உடனே சொன்னால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிடிபட்டிருக்கிறது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் இன்னும் பிடிபடவில்லை. நூறுவரை ஒப்பிக்கத் தெரிந்த குழந்தையாக இருந்தாலும் சரி. இந்த ஒரு கேள்வி எனக்குக் காட்டியதை எந்த எழுத்துத் தேர்வும் காட்டியதில்லை.

இந்தச் சோதனைக்கு மதிப்பெண் போடாதீர்கள். மூன்று குழுவாகப் பிரிக்க மட்டுமே இது. குழுவுக்கு நிறப் பெயரோ பறவைப் பெயரோ வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றுங்கள். மாறாத குழு மிகவும் ஆபத்தானது. "நான் கடைசிக் குழு" என்பதைக் குழந்தைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

4. நாற்பது நிமிடத்தைப் பிரிப்பது

பாடக்குறிப்பில் முதலில் எழுத வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: இந்த வேளை முடியும்போது குழந்தை எதைச் செய்து காட்டும்? "பகர எழுத்துகளை அறிவர்" என்பது போதாது. "ப, பா இரண்டையும் கேட்டுப் பிரித்து, சரியான அட்டையை எடுப்பார்" என்று எழுதுங்கள். இந்த வாக்கியம் வரவில்லை என்றால், செயல்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். வண்ணம் தீட்டி ஒட்டி முடித்த பிறகு எழுத்து மட்டும் மனத்தில் தங்காத வகுப்புகள் இப்படித்தான் உருவாகின்றன.

எனக்குப் பொருந்தி வந்த கணக்கு: நேற்றையதை நினைவூட்ட 5 நிமிடம், செய்துகாட்ட 5, குழந்தைகள் செய்ய 15, பொருளை எடுத்து வைக்க 5, வட்டமாக உட்கார்ந்து பேச 10. முதல் மாதத்தில் செய்யும் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்து, மிச்சத்தை எடுத்து வைப்பதற்குக் கொடுங்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். மணி அடித்துவிடும். ஆனால் "நீ எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டு, குழந்தை தன் சொல்லில் சொல்லும்போதுதான் செய்தது கற்றலாக மாறுகிறது. அங்கே கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், மூன்று நொடிக்குமேல் காத்திருந்தால் பதில்கள் நீளமாகி, வழக்கமாகப் பேசாத குழந்தைகளும் பேசுகிறார்கள் என்பதையும் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களிலேயே வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து காட்டினார். மூன்று நொடி அமைதி முதலில் சங்கடமாக இருக்கும். பழகிவிடும்.

மூன்று குழு நடத்தும்போது ஒரு குழு உங்களோடு, ஒரு குழு இருவர் இருவராக ஆடும் இணையர் விளையாட்டில், ஒரு குழு தனி வேலையில். நீங்கள் இல்லாத இரண்டு குழுவுக்கும் ஏற்கெனவே செய்து பழகிய விளையாட்டையே கொடுங்கள். புதியதைக் கொடுத்தால் நிமிடத்துக்கு ஒருவர் வந்து உங்கள் புடவையையோ சட்டையையோ இழுப்பார்.

5. எழுத்தும் வாசிப்பும்

சுவரில் 247 எழுத்துகளையும் மாட்டி வரிசையாகச் சொல்ல வைப்பதில் தொடங்க வேண்டாம். வரிசை பின்னால் தானே வரும். எழுதுவதற்கு எளிதான, சொல் உருவாக்கக்கூடிய எழுத்துகளில் தொடங்குங்கள். ட, ப, ம, க என்ற நான்கும் மெய்யின் புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், கட்டம், மட்டம், பக்கம் என்று குழந்தை வாசித்துவிடும். இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே "எனக்குப் படிக்க வருகிறது" என்ற எண்ணம் வந்துவிட்டால் மற்றது வேகமாக நடக்கும்.

பட்டம் என்பதை "ப, இட், ட, இம்" என்று எழுத்துக் கூட்டும் பழக்கம் இருக்கிறது. மெய்யெழுத்தின் பெயரை ஒலியாக எடுத்துக்கொள்வதால் வருவது இது. "இட்", "இம்" என்று படித்துப் பழகிய குழந்தைக்குச் சொல் கிடைக்காது. புள்ளி வைத்த எழுத்தை எப்போதும் முந்தைய எழுத்தோடு சேர்த்தே ஒலிக்கப் பழக்குங்கள்: பட்-டம், பக்-கம். இதற்கு ஒரு விளையாட்டு உண்டு. புள்ளி எழுத்து அட்டையைப் பிடித்திருக்கும் குழந்தை தனியாக நிற்கக் கூடாது. முன்னால் நிற்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். இருவரும் சேர்ந்து ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

துணைக்கால், கொக்கி போன்ற குறிகளுக்குத் தனித்தனி வாரம் வேண்டும். ா, ி, ீ எளிதாக வரும். உகர ஊகார வரிசைக்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். கு, டு, மு ஒரு விதம். பு, சு, வு ஒரு விதம். து, நு, லு இன்னொரு விதம். உயிர்மெய் வரிசைப்படி மேலிருந்து கீழே சொல்லித் தருவதைவிட, ஒரே மாதிரி வளைவனவற்றைக் கூடைகளில் பிரித்துப் போடும் செயல்பாடு நன்றாகப் பிடிக்கிறது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும்போது வேறு சிக்கல்: ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்கிறது. குழந்தை "க" எழுதிவிட்டுக் கொம்பை எங்கே வைப்பது என்று விழிக்கும். கொம்பைத் தனி அட்டையாகச் செய்து, நகர்த்தி முன்னால் வைக்கும் வேலையை நிறையச் செய்த பிறகே நோட்டில் எழுத விடுங்கள். ஔகார வரிசையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். "கௌ" என்பதைக் "கெள" என்று வாசிப்பதில் குழந்தையின் தவறு ஒன்றும் இல்லை.

ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகியவற்றை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அறிமுகம் செய்யாதீர்கள். ஒன்று நன்றாகப் பதிந்து, சில வாரம் கழித்து அடுத்தது வரட்டும். பிறகு ஒப்பிடலாம்.

குழந்தையின் பேச்சுமொழியை வெட்டாதீர்கள். "நாய் ஓடுச்சு" என்றால் "ஆமாம், நாய் ஓடியது" என்று மகிழ்ச்சியாகத் திருப்பிச் சொல்லுங்கள். அவ்வளவு போதும். "அப்படிச் சொல்லக் கூடாது" என்று இரண்டு முறை கேட்ட குழந்தை மூன்றாம் முறை வாயைத் திறக்காது. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகளுக்குக் கதை சொல்லும்போது படமும் பொருளும் அதிகம் வேண்டும். முதல் சில மாதம் அவர்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். சொன்னதைப் புரிந்து செய்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

தினமும் பத்து நிமிடம் நீங்கள் உரக்க ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். கேள்வித்தாள் வேண்டாம், நீதி வேண்டாம். விரலை வரியின் கீழ் ஓட்டியபடி வாசித்தால் போதும்.

இடக்கை பழக்கமுள்ள குழந்தையை நீள இருக்கையின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், முழங்கை மோதாது. தாளை அவர்கள் வலப்பக்கம் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். கையை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.

6. எண்

பொருள், படம், எண்ணுரு (1, 2, 3 என்று எழுதும் வடிவம்) என்ற வரிசையை அவசரத்தில் தாண்டாதீர்கள். இடமதிப்பில்தான் பெரும்பாலான வகுப்புகள் சறுக்குகின்றன. "இருபத்து மூன்று" என்று சொன்னால் 203 என்று எழுதும் குழந்தை கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது: இருபது, பிறகு மூன்று. திட்டுவதில் பயனில்லை.

குச்சிகளும் ரப்பர் பேண்டும் எடுங்கள். இருவர் இருவராக, பகடையை உருட்டி விழும் எண்ணுக்குக் குச்சி எடுக்க வேண்டும். பத்து சேர்ந்ததும் கட்டாகக் கட்ட வேண்டும். ஐந்து கட்டு முதலில் சேர்ப்பவர் வென்றார். இந்த ஒரே விளையாட்டை இரண்டு வாரம் ஆடவிடுங்கள். பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு "எத்தனை கட்டு, எத்தனை தனி?" என்று கட்டம் போட்ட தாளில் எழுதச் சொல்லுங்கள். கழித்தல் வரும்போது இதே ஆட்டத்தைத் தலைகீழாக ஆடினால், கடன் வாங்குவது என்பது கட்டைப் பிரிப்பதுதான் என்று கையே சொல்லிவிடும்.

தொண்ணூறு வரும்போது மட்டும் ஒரு நாள் கூடுதலாக நில்லுங்கள். காதில் நூறு போலக் கேட்பதால் "தொண்ணூற்று மூன்று" என்றதும் 103 என்று எழுதுவார்கள். ஒன்பது கட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

7. பொருள்களும் செலவும்

காசு கொடுத்து வாங்க வேண்டியவை சில: கெட்டி அட்டை, நல்ல மார்க்கர், முனை மழுங்கிய கத்தரிக்கோல், ரப்பர் பேண்ட், ஒளி ஊடுருவும் உறைகள். மற்றவை வீட்டில் தூக்கி எறிபவற்றிலேயே கிடைக்கும்: பாட்டில் மூடி, காலண்டர் தாள், அட்டைப்பெட்டி, துணித் துண்டு. பள்ளியில் இதற்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு, ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள். ரசீது இல்லாமல் வாங்கியது உங்கள் கைக்காசுதான்.

பயிற்சித்தாள் நகல் எடுப்பதில் பணம் கரையும். ஒரே தாளை ஒளி ஊடுருவும் உறைக்குள் வைத்து, மேலே அழிக்கக்கூடிய மார்க்கரால் எழுதவைத்தால் வருடம் முழுக்க அதே தாள் ஓடும்.

அட்டை தயாரிக்கும்போது, ஏ4 தாளை மூன்று முறை மடித்து வெட்டினால் எட்டு அட்டை. எழுத்தின் கீழே ஒரு கோடு போடுங்கள். தலைகீழாகப் பிடிக்க மாட்டார்கள். ஒவ்வொரு கட்டின் பின்புறத்திலும் ஒரே நிறப் புள்ளி வையுங்கள். தரையில் கிடக்கும் அட்டை எந்தக் கட்டைச் சேர்ந்தது என்று குழந்தைகளே பார்த்து வைத்துவிடுவார்கள். முப்பது பேருக்கு முப்பது கட்டு தேவையில்லை, இணையருக்கு ஒன்று என்று பதினைந்து போதும்.

சிறு விதைகளையும் மணிகளையும் ஒன்றாம் வகுப்பில் தவிர்த்துவிடுங்கள். மூக்கிலும் காதிலும் போய்விடும். எண்ணுவதற்குப் பெரிய மூடிகளே பாதுகாப்பு. வாங்கி வைத்ததும் எண்ணிக்கையைப் பெட்டியின் மேலேயே எழுதி, திருப்பி வைக்கும்போது எண்ண வையுங்கள். அதுவும் ஒரு கணக்குப் பாடம்.

8. பதிவு

தினமும் முப்பது பேரைப் பற்றியும் எழுத முடியாது. நாளுக்கு ஆறு பேர் என்று வையுங்கள். ஐந்து நாளில் வகுப்பு முடிந்துவிடும். தேதி, பார்த்தது, அடுத்து செய்ய வேண்டியது என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி. "நன்றாகப் படிக்கிறான்" என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து ஒன்றும் புரியாது. "பட்டம், பக்கம் வாசித்தாள், 'பா' வந்தால் நிறுத்துகிறாள்" என்று எழுதுங்கள்.

மாதத்துக்கு ஒரு வேலையைத் தேதி போட்டு ஒவ்வொருவரின் கோப்பிலும் சேருங்கள். அழகானதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெற்றோரைச் சந்திக்கும்போது முதல் மாதத் தாளையும் இந்த மாதத் தாளையும் பக்கத்தில் வைத்தால், "எப்போது பார்த்தாலும் விளையாடுகிறார்களாமே" என்ற கேள்விக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

மூன்றாம் படியில் செய்த தனிச் சோதனையை நான்கு மாதம் கழித்து அதே படம், அதே அட்டை, அதே பத்துப் பொருளோடு மறுபடி செய்யுங்கள். அதற்கான எட்டு நாளை இப்போதே ஆண்டுத் திட்டத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். பழைய அட்டைகளைத் தனி உறையில் போட்டு, மேலே தேதி எழுதிப் பூட்டி வைப்பது நல்லது. வகுப்புப் பெட்டியில் கலந்துவிட்டால் பிறகு தேடி எடுக்க முடியாது.